மட்டாஞ்சேரியில் ஒரு தாக மியூசியம்

கேரளச் சுற்றுலாத் துறைக்கு இலவசமாக ஒரு யோசனை. கன்சல்டன்ட் வைத்தால் கோடியில் பில் போடுவான். நான் ஒரு குடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கேட்டாலும் அங்கே கிடைக்காது என்பது வேறு விஷயம்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பழசாக எது கண்ணில் பட்டாலும் 'பாரம்பரியம்' என்று ஒரு பலகை அடித்துவிடுகிறோம். போர்ச்சுகீசியர் கட்டி ராஜாவுக்குக் கொடுத்த அரண்மனைக்கு, பின்னால் வந்து பழுதுபார்த்த டச்சுக்காரன் பெயர். (கட்டியவன் பெயர் மறைந்து, வெள்ளையடித்தவன் பெயர் நிற்பது அரசுக் கட்டடங்களுக்குப் புதிதல்ல.) 1568-ல் எழுந்த யூதர் ஆலயத்தில் தொழ ஆளில்லை, பார்க்கத்தான் ஆள். மிளகும் சுக்கும் அடைந்து கிடந்த பண்டகசாலைகளில் காபிக் கடைகள் வந்துவிட்டன. மூட்டை நிறுத்த தராசு, இப்போது கப்புச்சினோ குடிப்பவர் தலைக்கு மேல் அலங்காரமாகத் தொங்குகிறது. பயன் தீர்ந்த பொருளுக்குத்தான் இங்கே மரியாதை.

இத்தனைக்கும் மூத்த பாரம்பரியம் ஒன்று அந்த ஊரில் பலகை இல்லாமல் கிடக்கிறது. அரண்மனையில் ராஜா இல்லை, ஆலயத்தில் கூட்டம் இல்லை, பண்டகசாலையில் மிளகு இல்லை. இது மட்டும் நூற்றாண்டு நூற்றாண்டாக அன்றாடம் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் தாகம். அதற்கு ஒரு மியூசியம் வையுங்கள் என்கிறேன். காட்சிப் பொருளுக்கு அலைய வேண்டாம். எல்லாம் அங்கேயே, அதே தெருக்களில், நல்ல நிலையில் கிடைக்கும்.

நுழைந்ததும் முதல் கூடத்தில் ஒரு மரப் பீப்பாயை வைக்கலாம். கதை இதுதான். 1341-ல் பெரியாறு பெருக்கெடுத்து, முசிறியின் வாயை மணலால் அடைத்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். ஆற்று நீர் பெற்றெடுத்த ஊர். பெற்றவள் அதற்குக் குடிக்கக் கொடுக்காமல் போய்விட்டாள். ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் காயல், நடுவே மணல். இரண்டு மூன்று முழம் தோண்டினால் நீர் ஊறும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல்காரர், 1727-ல் வெளிவந்த தம் பயண நூலில் கொச்சித் தண்ணீரைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். அதைக் குடித்தால் கால் வீங்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். யானைக்காலைப் பரப்புவது கொசு என்று உலகம் அறியாத காலம். வெள்ளைக்காரர்கள் அந்த நோய்க்கே 'கொச்சிக் கால்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

டச்சுக் கம்பெனி என்ன செய்தது? தினமும் படகு அனுப்பி, வராப்புழாவிலிருந்து சிறு சிறு பீப்பாய்களில் ஆற்று நீரைக் கொண்டுவந்து இறக்கியது. கம்பெனிச் சிப்பந்திக்குப் பீப்பாய் இலவசம். கம்பெனியில் வேலை இல்லாத ஊர்க்காரன், வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் பீப்பாய்க்கு ஆறு பென்னி எண்ணி வைக்க வேண்டும். ஹாமில்டன் இதை ஏதோ வியாபார விவரம்போல எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கென்னவோ, கொச்சியின் குடிநீர் நிர்வாகத்துக்கு அடிப்படைச் சட்டம் எழுதப்பட்டதே அங்கேதான் என்று படுகிறது. மூன்று நூற்றாண்டு ஆகிறது, ஒரு திருத்தம்கூட வரவில்லை. அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் வீட்டுக் குழாயில் தானாக வரும். மற்றவன் லாரிக்காரனுக்குக் காசு கொடுக்க வேண்டும். மாறியது ஒன்றே ஒன்று, பென்னி ரூபாயாகிவிட்டது.

நம் ஆட்களுக்கும் இந்தக் கூடத்தில் ஓர் இடம் உண்டு. பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் 'வெளி' என்ற பகுதியில் இன்றும் தமிழ் பேசிக்கொண்டு துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்கள் இருக்கின்றன. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து கூட்டி வந்த வம்சம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1976-ல் கட்டிக்கொடுத்த தோபிகானாவில் அரிசிக் கஞ்சி போட்டு, கயிற்று முறுக்கில் துணியைச் செருகி உலர்த்துகிறார்கள். அதையும் சுற்றுலாப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. ஆட்டோக்காரர்களே வெளிநாட்டவரைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஊர் அழுக்கை நாம் போக்குவது 'கலாச்சாரம்'. மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் அடங்கிய மேற்குக் கொச்சியின் வீடுகளுக்குக் குடிநீர் வந்ததா என்று கேட்பது மட்டும் 'அரசியல்'!

இனி இரண்டாம் கூடம். நடுவே குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே சில தாள்கள். மியூசியத்தின் கோஹினூர் இதுதான், காவலுக்கு ஆள் போடுங்கள்.

'விசால கொச்சி குடிவெள்ள சம்ரட்சண சமிதி' என்ற பெயரில் மேற்குக் கொச்சிக்காரர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006-ல் தீர்ப்பு வந்தது. மூன்று பத்தாண்டுக்கும் மேலாக இவர்கள் குடிநீருக்காகக் கூக்குரலிட்டு வருகிறார்கள் என்பதை நீதிமன்றமே பதிவு செய்தது. அதாவது 1970-களிலிருந்து. பாதுகாப்பான குடிநீரைப் போதிய அளவு தராமல் இருப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்றது. மற்ற வளர்ச்சித் திட்டங்களைத் தள்ளி வைத்தாவது குடிநீருக்கு முதலிடம் தர வேண்டும், பணமில்லை, வசதியில்லை என்ற பேச்சு குறுக்கே வரக்கூடாது என்றும் சொன்னது. நாட்டின் சட்டக் கல்லூரிகளில் குடிநீர் உரிமைக்கு மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், ஆய்வேடு எழுதுகிறார்கள், சிலர் டாக்டர் பட்டமும் வாங்கியிருப்பார்கள். வழக்குப் போட்டவர்கள் வீட்டு அம்மாக்கள் அப்போதும் குடத்தோடு வெளியேதான் நின்றார்கள்.

நான்கு வருடம் கழித்து, 2010 ஜூலை 28 அன்று, ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் குடிநீரும் துப்புரவு வசதியும் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. 122 நாடுகள் ஆதரவு, 41 நாடுகள் நடுநிலை, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. இந்தியாவும் கை தூக்கியது. ஆக, மட்டாஞ்சேரியில் காலிக் குடத்தோடு நிற்கும் ஒரு பெண், நியூயார்க்கில் தொடங்கி எர்ணாகுளம் வரை எல்லா மன்றங்களிலும் வென்று முடித்தவள். இனி வெல்ல ஒரு மன்றமும் பாக்கியில்லை, தண்ணீர் மட்டும் பாக்கி.

மூன்றாம் கூடம் கொஞ்சம் பெரியதாக வேண்டும். 2023-ன் தொடக்கத்தை அப்படியே அதற்குள் வைக்க வேண்டும்.

மேற்குக் கொச்சிக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கூடம் விளங்கும். பழைய குழாய் ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து கிளம்புகிறது. எர்ணாகுளம் நகரத்தின் வீடு, ஹோட்டல், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி எல்லாம் உறிஞ்சியது போக மிஞ்சியதுதான் காயலைத் தாண்ட வேண்டும். போதவில்லை என்று, நகர்ப்புறப் புதுப்பிப்புக்கான நேரு திட்டத்தின் பணத்தில் மரடில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. அதற்கு நீர், பிறவத்தை அடுத்த பாழூரில் மூவாற்றுப்புழா ஆற்றிலிருந்து இறைக்கப்படுகிறது. எந்த ஆற்று நீரானாலும் மட்டாஞ்சேரியின் சந்துக்கு வரும்போது குழாயின் கடைசி முனை. முனைக்கு அழுத்தம் இருக்காது. நடுவழியில் மோட்டார் வைத்து இழுக்கும் வீடுகள் இருந்தால் சொட்டும் இருக்காது. விட்டு விட்டு வருகிற குழாயில் இன்னொரு கேடும் உண்டு. நீர் நிற்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியே வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். அந்தச் சந்துகளில் குழாய்க்கு வெளியே இருப்பது சாக்கடை. நீர் திரும்பி வருமுன் முதலில் காற்று பீறிட்டு வரும். அந்தக் காற்றிலும் மீட்டர் சுற்றும். சாக்கடை இனாம், காற்றுக்குப் பில்.

2023 ஜனவரி இறுதியில் பாழூரின் மூன்று மோட்டார்களில் இரண்டு படுத்துக்கொண்டன. லட்சக்கணக்கானவர்களின் குடிநீர் தொங்கிக்கொண்டிருந்த மோட்டார்களுக்கு மாற்று கைவசம் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில்கூட ஜெனரேட்டர் நின்றால் இன்னொன்று தயாராக இருக்கும். இங்கே கழற்றி, பழுதுபார்த்து, பூட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி என்று வாரங்கள் ஓடின. பிப்ரவரி முழுதும் மட்டாஞ்சேரி, தோப்பும்படி, பள்ளுருத்தி, செல்லானம் பக்கமெல்லாம் பெண்கள் காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தார்கள். மியூசியத்துக்கு அந்தக் குடங்களில் ஒன்றை வாங்கி வையுங்கள். பச்சை நிறம் கிடைத்தால் நல்லது, படத்தில் எடுப்பாக இருக்கும்.

அதே பிப்ரவரியில், 3-ஆம் தேதி முதல், கேரளத்தில் குடிநீர்க் கட்டணம் உயர்ந்தது. லிட்டருக்கு ஒரே ஒரு பைசாதான், அதற்கா இத்தனை கூச்சல் என்று நீர்வளத் துறை கேட்டது. ஒரு பைசா என்று சொல்லும்போது எவ்வளவு பணிவாக இருக்கிறது, ஆயிரம் லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 10 ரூபாய். 4 ரூபாய் 41 பைசாவாக இருந்தது 14 ரூபாய் 41 பைசா ஆயிற்று. ஐயாயிரம் லிட்டர் வரை 22 ரூபாய் 5 பைசாவாக இருந்த மாதாந்திரக் குறைந்தபட்சக் கட்டணம் 72 ரூபாய் 5 பைசா. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை இலவசம் என்ற சலுகை தொடர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பாரபட்சம் காட்டுவதாகப் பேச்சு வரும். வராத நீரை இலவசமாகத் தருவதில் இருக்கும் தாராளம் கர்ணனுக்கும் வாய்க்கவில்லை. அவன் இருந்ததைத்தான் கொடுத்தான்.

கட்டணம் உயர்த்தியதுகூடத் தப்பில்லை என்று ஒரு வாதம் உண்டு. இறைக்க, சுத்திகரிக்க, அனுப்பச் செலவாகிறது, கேரள நீர் ஆணையம் நஷ்டத்தில் ஓடுகிறது. உண்மைதான். அந்த ஆணையத்துக்குக் கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலை எடுத்தால் அதில் அரசுத் துறைகள் வரிசையாக நிற்கும். அவற்றின் குழாயை யாரும் வெட்டுவதில்லை. இரண்டு பில் கட்டாத வீட்டுக்கு மட்டும் ஆள் ஸ்பேனரோடு வருகிறான்.

இதே காலத்தில் மட்டாஞ்சேரிக்கு உலகமே வந்திருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. 2022 டிசம்பர் 23-லிருந்து 2023 ஏப்ரல் 10 வரை கொச்சி-முசிறிஸ் பியனாலே. ஆஸ்பின்வால் ஹவுஸிலும் பழைய பண்டகசாலைகளிலும் உலகக் கலை. அந்தப் பதிப்பின் தலைப்பு, நம் நாளங்களில் மையும் நெருப்பும் ஓடுகின்றன என்பது. எந்த ஜோசியர் வைத்தாரோ! ஊர்க் குழாய்களில் எதுவும் ஓடாத மாதங்களில், நாளங்களில் மை ஓடிக்கொண்டிருந்தது. நெருப்பும் தாமதிக்கவில்லை. மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் குப்பை மலை பற்றிக்கொண்டது. நகரம் நாட்கணக்கில் புகையில் கிடந்தது. பக்கத்துக் கடம்பிரையாற்றிலிருந்து இரவு பகலாக நீரை இறைத்துக் குப்பைமேல் அடித்தார்கள். அணைக்கத்தான் வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. குப்பை எரிந்தால் இருபத்துநான்கு மணி நேரமும் பம்பு ஓட்டத் தெரிந்த ஓர் அரசு இயந்திரம், தொண்டை எரிந்தால் உதிரிப் பாகம் வரட்டும் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்ததே, அதைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை. குப்பைப் புகை பணக்காரன் மூக்கிலும் ஏறும் என்பது காரணமாக இருக்கலாம். தாகத்துக்கு அந்தச் சமத்துவம் கிடையாது.

பியனாலேக்காரர்களைக் குறை சொல்லவில்லை. கலைஞர்கள் மோட்டார் மெக்கானிக்குகள் அல்ல. என் கேள்வி அரசிடம். ஆயிரக்கணக்கான விருந்தினர்களுக்கு ஏற்பாடு செய்யத் தெரிந்த ஊரில், அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ஏன் முடியவில்லை?

படகைப் பற்றிச் சொல்லாவிட்டால் மியூசியம் முழுமையாகாது. ஜனவரியில் மோட்டார் நின்றது. ஏப்ரல் 25 அன்று பிரதமர் கொச்சி 'வாட்டர் மெட்ரோ'வைத் தொடங்கி வைத்தார். ஏறத்தாழ 1,137 கோடி ரூபாய்த் திட்டம், ஜெர்மன் வங்கிக் கடன், குளிரூட்டிய மின்படகுகள். அழகான படகுகள், நானும் ரசிப்பேன். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் அதற்கு ஒரு நிலையம் வந்துவிட்டது. காயல் நீரின் மேல் பயணிக்க ஆயிரம் கோடி இருக்கிறது. குடிநீரை இறைக்கும் மோட்டாருக்கு ஒரு ஸ்பேர் வாங்கக் கோப்பு நகரவில்லை. ஒரு வேளை விண்ணப்பத்தில்தான் தவறோ? மேற்குக் கொச்சிப் பெண்கள் குடிநீர் கேட்காமல், குடத்தை மிதக்கவிட்டு அதற்கு ஒரு ஜெட்டி கட்டித் தரும்படி கேட்டிருந்தால், இந்நேரம் ரிப்பன் வெட்டியிருப்பார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இதைப் படித்துக் கேரளத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 2019 ஜூனில் சென்னை நாக்கு வறண்டு கிடந்தபோது, ரயிலில் 20 லட்சம் லிட்டர் அனுப்பத் தயார் என்றார் கேரள முதல்வர் பினராயி விஜயன். இப்போதைக்கு வேண்டாம் என்றது நம் அரசு. எல்லோரும் திட்டிய பிறகு, ஒரு தடவை போதாது, தினமும் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று பேச்சு மாறியது. தாகத்தில் துடிக்கும் வீட்டுக்காரன் சார்பில் கௌரவம் பார்க்கும் உரிமையை யார் கொடுத்தார்கள்? கொடுக்க வந்தவரையும் பாருங்கள். மட்டாஞ்சேரி முனைக்கு எட்டாத தண்ணீர் சென்னைக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்து சேர்ந்தது. அமைச்சர்கள் விழா எடுத்து வரவேற்றார்கள். ஏரிகளைக் காணாமல் அடித்துவிட்டு, தண்ணீரைச் சம்பந்தி வருவதுபோல மாலையோடு எதிர்கொண்ட கூட்டம் நாம். முல்லைப் பெரியாறு என்றால் 1895-ல் கட்டிய அணையை வைத்துக்கொண்டு இரு மாநிலமும் அடி அடியாக அளந்து சண்டை போடும். அந்தப் பெரியாற்றின் கடைக்கோடியில் நிற்கிற மட்டாஞ்சேரிக்காரி எந்தக் கட்சி என்று ஒருவரும் கேட்டதில்லை.

மார்ச் 22 வந்தால் உலகத் தண்ணீர் தினம். மேடை, பேனர், பேனரில் ஒரு நீலத் துளி. 'ஒவ்வொரு சொட்டையும் மதிப்போம்' என்று ஒருவர் பேசுவார். அவர் முன்னால் இருக்கும் பாட்டிலில் இரண்டு மிடறு குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தித் தண்ணீரைப் போற்றச் சொல்லி உறுதிமொழி வாங்குவார்கள்.

ஐயா, போற்றுவதை யாருக்குச் சொல்லித்தருகிறீர்கள்? நகர வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். ஐந்து பேர் வீட்டுக்கு 675 லிட்டர். 15 லிட்டர் குடமென்றால் 45 குடம். ஆண்களுக்கு இந்தக் கணக்கு வெறும் எண்ணாகத் தெரியும், பெண்களின் இடுப்புக்குத் தெரியும் அது எவ்வளவு பாரம் என்று. பைப்பில் நீர் வரும் நேரம் நடுராத்திரி என்றால் நடுராத்திரியில் எழ வேண்டும். அதிகாலை என்றால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலையை ஓரம்கட்ட வேண்டும். லாரி வந்தால் அன்றைய கூலியைக் கைவிட வேண்டும். அரிசி களைந்த நீரில் பாத்திரம், பாத்திரம் அலசிய நீர் கக்கூசுக்கு. அந்தச் சந்துகளில் சொட்டு வீணாகாது. வீணாவது அவர்கள் ஆயுசு. தண்ணீரின் அருமையைப் பற்றி அவர்களிடம் பேசப் போகிறவன், மீனவனுக்கு நீச்சல் வகுப்பு எடுக்கப் போகிறான்.

உதவி செய்கிற புண்ணியவான்கள் தனி ரகம். டேங்கர் லாரி வரும், அதற்கு முன்னால் போட்டோகிராபர் வருவார். லாரியின் பக்கவாட்டில் கொடையாளி முகம், தண்ணீர் மட்டம் தெரியாத உயரத்துக்கு. முதல் குடத்தைப் பிரமுகர் நிரப்புவார், அவர் கை நனையாதபடி ஒருவர் குடத்தைச் சாய்த்துப் பிடிப்பார். வாங்கும் அம்மா கேமராவைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். எதற்கு நன்றி? இருபது வருடத்துக்கு முன்பே நீதிமன்றம் தீர்ப்பு எழுதிக் கொடுத்த சொத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வட்டிக்குக்கூடக் காணாத துளியைத் தெருவில் வைத்து வீசுகிறவர்களுக்கா? அவசரத்துக்கு லாரி வேண்டும், அதை நிறுத்தச் சொல்லவில்லை. தாகத்தில் இருப்பவனுக்கு இன்று யார் கொடுத்தாலும் நீர் நீர்தான். ஆனால் லாரி கொடுத்த கையோடு அடுத்த வார்டு சபைக்கும் போய், குழாய் ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அடுத்த தடவை போட்டோ எடுக்க ஆள் வரமாட்டான்.

விற்பனைக் கவுண்டர் இல்லாமல் மியூசியம் உண்டா? அரசின் சொந்தத் தயாரிப்பான ஹில்லி அக்வாவை அடுக்கலாம். லிட்டர் 10 ரூபாய். தனியார் பாட்டிலைவிட மலிவு, நல்ல தண்ணீர், ரேஷன் கடைகளிலும் விற்க ஏற்பாடு. பாட்டில் தண்ணீருக்கு லிட்டர் 13 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2020-ல் மாநில அரசு உத்தரவு போட்டது. கம்பெனிகள் உயர் நீதிமன்றம் போய் 2021-லேயே தடை வாங்கிவிட்டன. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். குடிநீர் கேட்டவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு இன்னும் குழாயில் வரவில்லை. பாட்டில்காரர்கள் வாங்கிய தடை அடுத்த நாளே வேலை செய்தது. ஒரே அரசு, குழாயில் ஆயிரம் லிட்டரை 14 ரூபாய் 41 பைசாவுக்கு அனுப்புவதாகச் சொல்கிறது, பாட்டிலில் அதே ஆயிரம் லிட்டரைப் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்கிறது. ஏறக்குறைய 700 மடங்கு. வருவது எது, வராதது எது என்று கண்டுபிடிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம்.

வந்துவிட்டால் மட்டும் குடித்துவிடலாமா? இதே எர்ணாகுளம் மாவட்டத்து வெங்கூர் பஞ்சாயத்தில், 2024 கோடையில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை மஞ்சள் காமாலை படுக்கவைத்தது. சிலர் எழுந்திருக்கவே இல்லை. குளோரின் ஒழுங்காகக் கலக்காத குழாய்நீர்மேல்தான் விரல் நீண்டது. குளோரின் தூள் என்ன விலை விற்கிறது என்று எந்த மளிகைக்கடைக்காரரையும் கேளுங்கள். அதே வருடம் மே மாதம் பெரியாற்றில் மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. ஏலூர், எடையாறு ஆலைகள் கரையில் நிற்கும் ஆறு அது. கழிவுதான் காரணம் என்றார்கள் மீனவர்கள், ஆக்ஸிஜன் குறைவு என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தூக்கில் தொங்கியவன் மூச்சுத்திணறலால் இறந்தான் என்பதும் உண்மைதானே! கூண்டு மீன் வளர்ப்பவர்கள் முதலைப் பறிகொடுத்த இடங்களில் ஒன்று வராப்புழா. டச்சுக்காரன் கால் வீங்காமல் இருக்கப் படகனுப்பி நீர் மொண்ட அதே வராப்புழா. இருபத்தோராம் நூற்றாண்டுக்கு நாம் செய்த தொண்டு, பீப்பாய் அனுப்பவும் இடமில்லாமல் செய்தது.

44 ஆறுகள் ஓடும் மாநிலம், ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. உலகத்தில் 2022 கணக்கின்படி 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லை என்கின்றன உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும். அதில் பலருக்கு மழை இல்லை, ஆறு இல்லை, சாக்காவது இருக்கிறது. மட்டாஞ்சேரிக்கு எல்லாம் இருக்கிறது, மோட்டார் மெக்கானிக்கைத் தவிர. இப்போது ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கொச்சிக்கு இருபத்துநான்கு மணி நேரத் தண்ணீர் என்று ஒரு பெரிய திட்டம் பேசப்படுகிறது. வெளிநாட்டுக் கம்பெனி வரும், தனியார்மயம் வரும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. கவலை நியாயமானது. அந்தச் சங்கங்களிடமும் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். 2023 பிப்ரவரியில் தண்ணீர் வராதபோது அது யார்மயமாக இருந்தது?

மியூசியத்துக்கு ஓர் இணைப்புக் கட்டடமும் திட்டத்தில் உண்டு. நீர் ஆணையத்தின் உயர் அதிகாரிகள், நீர்வளத் துறைச் செயலகத்துப் பெரியவர்கள், அமைச்சர் கொச்சிக்கு வந்தால் தங்கும் விருந்தினர் மாளிகை எல்லாவற்றையும் மட்டாஞ்சேரிக்கு மாற்றுங்கள். வசதியான குடியிருப்புதான், ஏசி உண்டு, தோட்டம் உண்டு. குடிநீர் இணைப்பு மட்டும் கடைசிச் சந்தின் கடைசி முனையிலிருந்து. இழுக்கும் மோட்டார் கிடையாது, டேங்கர் கிடையாது, பாட்டில் கிடையாது. வேலைக்காரரை அனுப்பிக் குடம் பிடிக்கக்கூடாது, அவரவர் வீட்டார் வரிசையில் நிற்க வேண்டும். இப்படி ஆறு மாதம். அதற்குள் பாழூரில் மோட்டார் ஒன்று நிற்கட்டும். அன்று ராத்திரியே உதிரிப் பாகம் லாரியில் ஏறும், விடிவதற்குள் பூட்டியாகும். நடக்காவிட்டால் என் மீசையில் பாதியை எடுத்துவிடுகிறேன்.

நடந்துவிட்டாலும் எனக்கு வேலை இருக்கிறது. முன்பு வாரக்கணக்கில் ஆன வேலை இப்போது எப்படி ஒரே ராத்திரியில் முடிந்தது என்று கேட்டுத் தகவல் உரிமை மனு போட வேண்டும். அதற்குப் பத்து ரூபாய் ஸ்டாம்ப், ஒரு ஹில்லி அக்வா விலை. வாங்கி வைத்துவிட்டேன்.